முப்பத்தொன்பது சீட்டுகள்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அறை மூன்றாம் மாடியில் என்று சொன்னதும் முழங்கால் மட்டும் அழ ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாயா? உன் அத்தான் சமைக்கிறாரா, சமைப்பதாகச் சொல்லிக்கொள்கிறாரா?

போனில் பேசினால் நீ "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்பதைத் தாண்ட மாட்டாய். பேனா பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கும். அதனால் இந்த ஐந்து மாதமும் நமக்குள் கடிதம்தான்.

இந்த ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் நாற்பது பேர், எல்லோரும் சமூக அறிவியலும் குடிமையியலும் நடத்துகிறவர்கள். என் அறைத் தோழி எந்த நாட்டின் எல்லையையும் பார்க்காமலே வரைந்துவிடுகிறார். அவருக்கு வரைபட அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன். அவருடைய குறட்டைக்குத்தான் எல்லை கிடையாது.

முதல் நாளே ஒன்று நடந்தது. பயிற்சிக்கு வந்த விண்ணப்பங்களில் சிறந்தது என்று ஒன்றை இயக்குநர் அம்மா சத்தமாக வாசித்தார். என்னுடையதுடா அது! என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பக்கம். எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சி முடியும்போது நாற்பது பேரில் இரண்டு பேரை மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்றுநர்களாக எடுப்பார்களாம். எனக்கு அந்த இடம் வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒரே கரும்பலகை முன்னால் நின்றாயிற்று.

என் எட்டாம் வகுப்பு இனி உன் பொறுப்பு. கணக்கு வாத்தியாருக்குக் குடிமையியல் வராது என்று தலைமையாசிரியர் முணுமுணுத்தார், நான்தான் உனக்காக வாதாடினேன். மானத்தைக் காப்பாற்று. வகுப்புத் தலைவன், நான் பூனை என்று கூப்பிடுகிறவன், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான், நடந்தால் சத்தமே வராது. ஒலிபெருக்கி என்று ஒருத்தி இருக்கிறாள், வாயைத் திறந்தால் "ஏன்" என்றுதான் திறப்பாள். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடு. என் அலமாரிச் சாவி மேசை இழுப்பறையில் இருக்கிறது. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்கு என் ஆறுதல். அம்மாவின் கண் தேறிவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அத்தானின் சமையலில் மிதக்கும் தூசியையெல்லாம் அம்மா எண்ணிச் சொல்கிறார். அத்தான் உப்புப் போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போடுகிறார். நாங்கள் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்புகிறோம்.

கணக்கில் "நிரூபித்தாயிற்று" என்று எழுதிவிட்டால் வகுப்பு அடங்கிவிடும். உன் பாடத்தில் அதற்குப் பிறகுதான் சண்டையே தொடங்குகிறது. ஒலிபெருக்கியிடம் "அப்புறம் பார்க்கலாம்" சொன்னேன். "எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அடுத்த பாடம் தேர்தல். கணக்கில் இப்போது பட்டை வரைபடம். உன் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஜனவரியில் பள்ளி ஆண்டு தொடங்கியதும் நடந்த வகுப்புத் தேர்தலின் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. வியாழக்கிழமை பிள்ளைகளை விட்டே எண்ணி, யாருக்கு எத்தனை என்று வரையச் சொல்லப்போகிறேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எப்படி இருக்கிறது உன் தம்பியின் மூளை?

அன்புடன்,
தம்பி


மார்ச் 24

தம்பி,

நலம். உன் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. வியாழக்கிழமை போய்விட்டதே என்று தெரிந்தும் எழுதுகிறேன். அந்தச் சீட்டுகளை எடுக்காதே. ரகசிய வாக்கெடுப்பு என்றால் ரகசியம்தான். பிள்ளைகளுக்கு ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்குத் தெரியும், வீண் மனஸ்தாபம் வரும். பஸ் நேர அட்டவணையை வைத்து வரைபடம் போடு. டப்பாவை இருந்த இடத்தில் வை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. தொண்டை கட்டியிருந்தது. தொண்டைக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே.

இங்கே நல்ல மழை. வகுப்பறையில் ஜன்னல் பக்கத்துக் கூரை ஒழுகி இரண்டு பெஞ்சுகளை நகர்த்தினோம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அத்தான் உப்பு டப்பாவின் மேல் "போட்டாயிற்றா?" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

பட்டை வரைபடம் முடிந்தது. இப்போது விகிதம் நடக்கிறது. வகுப்பு அமைதியாக இருக்கிறது. ஒலிபெருக்கிகூட அமைதிதான். பூனை இரண்டு நாள் வரவில்லை, காய்ச்சலாம், இப்போது வருகிறான்.

உன் பயிற்சியைப் பற்றி எழுது.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்காலும் மாடிப்படியும் ஒரு மாதிரி சமாதானமாகிவிட்டன.

போன வாரம் எங்கள் ஒவ்வொருவரையும் பக்கத்துப் பள்ளியில் ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பிறகு அதை நாங்களே போட்டுக் கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். நாற்பது நிமிஷத்தில் நான் கேட்ட கேள்விகள் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தாறுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் வாயைத் திறக்கிறான், அதற்குள் என் குரல் அவன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வெட்கமாக இருந்ததுடா. எனக்கு அப்புறம் தன் பதிவைக் கேட்ட வரைபட அக்கா நேராகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நிறைவு நாளில் "என் வகுப்பின் தேர்தல்" என்று என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கல்வித் துறை அதிகாரிகள் வருகிறார்கள். அந்த உரையைப் பொறுத்துத்தான் பயிற்றுநர் இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நீ எதையோ மென்று விழுங்குகிறாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? அல்லது அந்த டப்பாவா? உள்ளதைச் சொல்.

அக்கா


மே 15

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறார். டப்பாதான்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எண்ணிவிட்டோம். நானே பலகையில் கோடு போட்டேன். ஒலிபெருக்கிக்கு இருபத்தொன்று. பூனைக்குப் பன்னிரண்டு. கடைசி பெஞ்சு நெட்டையனுக்கு ஆறு. பூனை ஜெயித்ததாக நீ அறிவித்திருந்தாய். மறுபடி எண்ணினோம். அதே எண்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "கொஞ்சம் சீட்டு தொலைஞ்சிருக்கும்பா, அதான் கணக்கு இடிக்குது" என்றேன். ஒலிபெருக்கி எழுந்து போய் ஜனவரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். "அன்னிக்கு முப்பத்தொன்பது பேர் சார். இங்க முப்பத்தொன்பது சீட்டு. எது சார் தொலைஞ்சது?" என்றாள். கணக்கு வாத்தியார் கணக்கில் பொய் சொல்லி எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அதற்கும் மேலே "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். நீ கற்றுக்கொடுத்ததுதான்.

பூனைக்குக் காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் வந்தவன் தலைவர் பேட்ஜைக் கழற்றி எல்லோர் முன்னாலும் என் மேசையில் வைத்தான். "இது என்னோடது இல்ல சார்." அந்தப் பையன் முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேட்ஜ் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. யாரும் தொடுவதில்லை.

உனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று தெரியும், அதனால்தான் இத்தனை நாள் மறைத்தேன். ஆனால் எனக்குக் கோபம் வருகிறது அக்கா. உன்னைப் பார்த்துத்தான் நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன். சீட்டை எண்ணும்போது உன் பக்கத்தில் யாரும் இல்லையா? ஏன் இப்படிச் செய்தாய்?

தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுத வேண்டும், முதல் வரி அப்படித்தானே வரும். நன்றாக இல்லை. உன் கடிதம் மூன்று வாரமாகத் தலையணைக்கடியில் இருக்கிறது.

பக்கத்தில் யாரும் இல்லை. ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும்தான் எண்ணினேன், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். பெரும்பாலும் பிள்ளைகள் சொன்னதையே அறிவித்தேன். நாலு தடவை மாற்றினேன். நாலு பேரின் முகமும் ஞாபகம் இருக்கிறது.

ஒலிபெருக்கி தலைவியானால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும், தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார், நானும் ஊரில் இருக்க மாட்டேன், தம்பி திண்டாடுவான் என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு எது நல்லதோ அது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். தேர்தலில் தில்லுமுல்லு செய்கிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம். இந்த மூன்று வாரமும் இங்கே பகலெல்லாம் மக்களாட்சியை எப்படிக் கற்பிப்பது என்று குறிப்பெடுத்தேன், ஒரு பக்கம்கூடத் தலையில் ஏறவில்லை.

நீ மறைத்ததற்கு உன் மேல் கோபமில்லை. நீ கேட்டதற்கும் இல்லை. நீ கோபப்பட்டதுதான் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

இதோடு வகுப்புக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முதலில் தலைமையாசிரியரிடம் காட்டு, பிறகு வாசி. ஒரு வரியும் விடாதே. நிறைவு நாளில் என்ன பேசுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதியதையே சொல்லிவிட்டு வந்தால் இங்கே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வருகிறது, உன்னிடம் மறைப்பானேன்.

அக்கா


ஜூன் 12

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? மழையில் நனைந்து இருமிக்கொண்டிருப்பவர்கள் மருந்து குடியுங்கள்.

நீங்கள் எண்ணியது சரி. சீட்டு எதுவும் தொலையவில்லை. ஜனவரியில் ஜெயித்தது ஒலிபெருக்கி. நான் வேண்டுமென்றே முடிவை மாற்றிச் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம். அது தப்பு. ஒலிபெருக்கியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தன்னுடையது அல்லாததைச் சுமக்க வைத்ததற்குப் பூனையிடமும், வாக்குப் போட்ட முப்பத்தொன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்பதை நீங்கள் பேசி முடிவெடுங்கள். எனக்குத் தண்டனை என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறார். விஷயம் அவருக்கும் தெரியும், சொல்லிவிட்டேன். "தப்ப ஒத்துக்கிட்டா இல்ல? அப்ப சாப்பிடச் சொல்லு" என்றார்.

தலைமையாசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இதெல்லாம் வெளிய போகணுமாப்பா?" என்றார். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் சார் என்றேன். வாசி என்று சொல்லிவிட்டு, அவரும் வந்து கடைசி பெஞ்சில் நெட்டையன் பக்கத்தில் இடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தேன். முடிந்ததும், சீட்டு தொலைந்தது என்று சொன்னது பொய் என்று நானும் சொன்னேன். "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றது முழு வகுப்பும். என் மானம் மார்ச் மாதமே போய்விட்டது, எனக்குத்தான் தகவல் வரவில்லை.

பிறகு பேட்ஜை ஒலிபெருக்கியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "ஜனவரில ஓட்டுப் போட்டது ஜனவரிக்கு சார். இப்ப பாதி வருஷம் போயிடுச்சு. மறுபடி வைங்க. ஆனா எண்ணும்போது நாங்க இருக்கணும்" என்றாள். அதற்கு இரண்டு நாள் விவாதம். முட்டாள்தனம், ஜெயித்ததை யாராவது விடுவார்களா என்று நெட்டையன் மேசை மேல் ஏறாத குறை. கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள்: புதுத் தேர்தல், ஜூலை நான்காம் வாரம்.

விதிகளும் அவர்களே எழுதினார்கள், பதினொன்று. இரண்டை மட்டும் சொல்கிறேன். சீட்டுகள் இருக்கும் அறையில் எந்த ஆசிரியரும் தனியாக இருக்கக் கூடாது. போட்டியிடுகிறவர்கள் எண்ணுகிற மேசையிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்கலாம். "யார் கை சார்?" என்று கேள்வி வந்து, நெட்டையன் கை என்று தீர்மானம் நிறைவேறியது. முழுப் பட்டியலையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உனக்குத் தண்டனை பற்றியும் பேசினார்கள். நீ வந்ததும் ஒரு வாரம் வகுப்பில் கேள்வி கேட்கக் கூடாதாம், அவர்கள் கேட்பதற்குப் பதில் மட்டும் சொல்ல வேண்டுமாம்.

நிறைவு நாளில் என்ன பேசு என்று நான் சொல்லப்போவதில்லை. நீ என் அக்கா. எதைப் பேசினாலும் ரயிலடிக்கு வருவேன்.

தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம்! இந்தத் தடவை நிஜமாகவே. அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

நேற்று நிறைவு நாள். மேடையில் மூன்று அதிகாரிகள். முந்தின நாள் வரை இரண்டு உரை எழுதி வைத்திருந்தேன், ஒன்று விண்ணப்பத்தில் உள்ளது, ஒன்று உண்மை. உன் பிள்ளைகள் எழுதிய பதினோரு விதியைப் படித்த பிறகு முதலாவதை வாசிக்க நாக்கு எழவில்லை. "என் விண்ணப்பத்தில் இருப்பது பொய்" என்று ஆரம்பித்தேன். காகிதம் சலசலத்தது ஒலிவாங்கியில் கேட்டது. நாலு தடவையையும் சொன்னேன். பிறகு விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நெட்டையன் கைக்கு வந்தபோது அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்தார்.

யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாலையில் பட்டியல் போட்டார்கள், இரண்டு பெயர். என் பெயர் இல்லை. இயக்குநர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "பொய் எழுதின விண்ணப்பத்துக்கு நான் இடம் கொடுக்க முடியாதும்மா" என்றார். சரிதான் என்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ரொம்ப ஆசைப்பட்டேன்டா.

அறைக்கு வந்தால் வரைபட அக்கா கதவைச் சாத்திவிட்டு, "அந்த பதினொண்ண எனக்கு எழுதிக்க குடுங்க" என்றார். "நானும் தனியாத்தான் எண்ணுவேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அவர் எழுதி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. படுக்கப் போவதற்குள் ஒன்பது பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியலில் பெயர் வந்த இருவரில் ஒருவரும் வந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, அந்த வகுப்பறைக் கதவைத் திறக்க. ஆனால் திறப்பேன்.

அக்கா


ஜூலை 23

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

ஒலிபெருக்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலிக்கிறதாமே, சார் சொன்னார். நீங்கள் வருவதற்குள் கிடைக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் போடுகிறேன்.

முதலில் எனக்கு உங்கள் மேல் ரொம்பக் கோபம். உங்கள் கடிதத்தை சார் வாசித்தபோது அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். நான் சத்தம் போடுவேன் என்று பயந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் சத்தம் போடுவது, நீங்கள் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால்தான். இதை நேரில் சொல்ல மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று தேர்தல் நடந்தது. முப்பத்தெட்டு பேர் வந்தார்கள், ஒருத்தருக்கு அம்மை. பூனை நிற்கவே மாட்டேன் என்றான். நான்தான் நில் என்று சண்டை போட்டேன். எண்ணும்போது நாங்கள் மூன்று பேரும் மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். தலைமையாசிரியர் ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டினார். சார் பலகையில் கோடு போட்டார், இந்தத் தடவை சீட்டு தொலைந்தது என்று சொல்லவில்லை. நெட்டையனுக்கு இரண்டு. எனக்குப் பதினேழு. பூனைக்குப் பத்தொன்பது.

பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தானே, அதனால்தான் அவனுக்குப் போட்டோம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் எனக்குத்தான் போட்டேன்.

வீட்டில் அப்பா, ஜெயித்ததை விட்டுவிட்டுத் தோற்றுவிட்டு வந்திருக்கிறாயே என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன் டீச்சர். ஜனவரியில் நான் ஜெயித்தது எனக்கே தெரியாது. இப்போது தோற்றது எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு சீட்டையும் என் கண்ணால் பார்த்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வருஷமும் நிற்பேன். திங்கட்கிழமை வகுப்பில் பார்க்கலாம். கேட்பதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி